அரைப்பாட்டர் கொண்டுவந்த தயிர்ச்சட்டி

கேள்விப்பட்டாயா பிள்ளை? சந்திக் கடைக்காரர் உன்மேல் நல்ல கோபத்தில் இருக்கிறாராம். இப்போதுதான் அவருடைய பெண்சாதி இந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லிவிட்டுப் போகிறாள். நீ இரைச்சல் எடுத்துத் துப்புரவாக்கிக் கொடுத்த பழைய கூத்துக் கசற்று நாடாவில் அவருடைய இருமலைக் காணவில்லையாம். ராசா வேஷக்காரன் வாளை உருவுகிற நேரம் முன்வரிசையில் ஒருவர் தொண்டை கிழிய இருமுவார் அல்லவா, அது இவர்தானாம். இத்தனை வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கசற்றைப் போட்டு, அந்த இடம் வந்ததும் சீனி நிறுக்கிற கையை நிறுத்தி, "இந்தா, இது நான்" என்று காட்டிக்கொண்டிருந்த மனிதர். இப்போது வாள் உருவுகிற சத்தம் மட்டும் கண்ணாடிபோலக் கேட்கிறதாம். "வாள ஆரும் உருவலாம் கா, இருமினது நான் மட்டுந்தானே" என்று பெண்சாதியிடம் சொல்லிச் சோறும் சரியாகத் தின்னவில்லையாம்.

சிரிக்காதே. நீயும் உன் கூட்டாளிப் பிள்ளையும் பழைய கச்சேரிக் கசற்றுகளைத் துப்புரவாக்கி ஊருக்குக் கொடுக்கிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மெசின் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சனம். அதனால் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பலகையில் இரு.

நானும் என் மனிசனும் லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விட்டவர்கள். அவர் தென்னையில் ஏறி ஹோர்ன் குழாயைக் கட்டுவார். நான் கீழே அம்பிளிபயருக்குப் பக்கத்தில் கசற் மெசினோடு இருப்பேன். மேடை மைக்கிலிருந்து நேரே வயர் இழுத்துப் பதிவதால் மைக்கில் விழுந்ததெல்லாம் கசற்றிலும் விழும். பாட்டும் இருக்கும், பாட்டுக்கு நடுவே, "மண்டூரால வந்த வேன் றைவர் எங்க இரிந்தாலும் உடன வரவும், சாமி வெளிய வர ஏலாம நிக்குது" என்கிற அறிவித்தலும் இருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கசற்றுக்கு நூல் கட்டுவேன். திருவிழாவுக்கு மஞ்சள், கூத்துக்குச் சிவப்பு, கல்யாண வீட்டுக்குப் பச்சை. ஒருமுறை பச்சை நூல் தீர்ந்துபோய் ஒரு கல்யாணத்துக்குச் சிவப்பு நூலைக் கட்டிவிட்டேன். மாப்பிள்ளைப் பகுதி பலகாரத் தட்டைத் தூக்கி எறிந்த கல்யாணம் அது. அந்தக் கதையை ஆரம்பித்தால் பொழுது பட்டுவிடும், விடு.

சுனாமியாகக் கடல் வந்த அன்று, கடலோடு சேர்ந்த வாவி பெருகி எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. அந்த நாளை நான் கதைப்பதில்லை. போன ஆட்கள் போனார்கள், மிஞ்சின நாங்கள் கோயில் மடத்தில் கிடந்தோம். கசற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி நிறைய இருந்த கசற்றுகள் சேற்றுக்குள் முகம் குப்புறக் கிடக்கின்றன. மகள், "எறிங்கம்மா" என்றாள். நான் எறியவில்லை. ஏனென்றால் எங்களுக்கு இந்தத் தொழிலைப் பழக்கின றேடியோக்காரர் ஒருவர் இருந்தார். வாய் திறந்தால் ஏச்சுத்தான் வரும், ஆனால் ஏச்சுக்குள்ளே விஷயம் இருக்கும். "உப்புத் தண்ணி பட்டா உப்புக் காய முதல் நல்ல தண்ணில அலசு, மூதேவி. வெயில்ல காட்டாத, நாடா அப்பளமாப் போகும்" என்று ஏசியிருந்தார். கிணறெல்லாம் உவர்ந்து கிடந்த நேரம். ஆனால் மழைக்குக் குறைவில்லை. கூரைத் தண்ணீரைக் கிடாரத்தில் பிடித்து, கசற்றுகளைக் கழற்றி, நாடாவை அலசி, வீட்டுக்குள்ளே தூணுக்குத் தூண் கொடி கட்டிக் காயவிட்டேன். வீடு சிலந்திக் கூடுபோல் ஆகிவிட்டது. நாங்கள் குனிந்து குனிந்துதான் நடந்தோம்.

அந்த நாட்களில் மனசுக்கு ஆறுதல் சொல்கிற பிள்ளைகள் வீடுவீடாக வருவார்கள். ஒரு பிள்ளை வந்தாள். வாசலில் நின்று நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெல்ல வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்த நாடாவெல்லாம் உங்களோட கதைக்குதா?" என்று கேட்டாள்.

"ஓம் மகள், ஈரம் எண்டு சொல்லுது. அந்த நுனியக் கொஞ்சம் பிடி" என்றேன்.

பிடித்தாள். பொழுதுபட விடவில்லை நான். அடுத்த நாளும் வந்தாள், இந்த முறை பென்சிலோடு. பென்சிலைக் கசற்றுக்குள் செருகிச் சுற்றச் சுற்ற நாடா உள்ளே போகும் என்று நான் காட்டிக் கொடுத்திருந்தேன். போகும்போது, "எனக்கு மனசு லேசா இரிக்கம்மா" என்றாள். ஆறுதல் யார் யாருக்குச் சொன்னது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்த வருஷம் என் மனிசன் நெஞ்சுவலியில் போய்விட்டார். செட்டும் மூலைக்குப் போயிற்று. பிறகு சண்டை முடிந்தது. றோட்டுச் சென்றிக் காவல்கள் குறைந்தன, கோயிலில் பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்று வந்தது. அப்போதுதான் நம்முடைய வண்ணக்கர் என்னைத் தேடி வந்தார். அவர் அப்போது புது வண்ணக்கர், கோயில் பொறுப்பு அவருடைய தாய்மாமனிடமிருந்து மருமகன் முறையில் இவருக்கு வந்திருந்தது. நம்முடைய கோயிலில் முன்பு நடந்த பெரிய கச்சேரியைச் சீடியாக அடித்து, திருவிழா தொடங்குகிற அன்று ஊருக்கும் வெளிநாட்டில் இருக்கிற சனத்துக்கும் கொடுக்க வேண்டுமாம். மஞ்சள் நூல் கசற்றை எடுத்துக்கொண்டு வாழைச்சேனைக்குப் போனேன். அங்கே என் மருமகன் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தார். கசற் நனைந்த கசற்றுத்தான், ஆனாலும் பாடியது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி.

இனித்தான் விஷயம். அந்தக் கச்சேரியில் ஒரு பாட்டுப் பாதியில் நிற்கும். பாடினவர் நம்முடைய வட்டை விதானை. வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் பங்கிட்டு விடுகிற அதே மனிதர்தான். அப்போது அவருக்கு மீசை அரும்பின வயது. மாலைப் பூசை முடிந்து, முதல் தடவையாக மேடை ஏறி, முருகன் பாட்டு ஒன்று எடுத்தார். பாதி போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு கூ. பிறகு பத்துக் கூ. பிறகு மைதானம் முழுதும் கூ. பொடியன் மைக்கை அப்படியே விட்டுவிட்டுக் கோயில் பின்வீதியால் ஓடினவர், அதற்குப் பிறகு வாய் திறந்து பாடவில்லை. ஊர் அவருக்கு அரைப்பாட்டர் என்று பேர் வைத்தது. பெண் பார்க்கப் போன இடத்திலும், "ஆர், அரைப்பாட்டரா?" என்றார்கள். விதானையாக வந்த பிறகும், "அரைப்பாட்டர் அரைத் தண்ணிதான் விடுவார்" என்று வரம்பில் நின்று சொல்வார்கள். மனிதர் கேட்காதது மாதிரியே போவார். காது மட்டும் சிவக்கும்.

சீடி வருகிறது என்று கேள்விப்பட்டதும் மனிதர் கடைக்கே வந்துவிட்டார். மடியில் எருமைத் தயிர்ச்சட்டி, வாழையிலையால் மூடிக் கட்டியது. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சட்டியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அக்கா, என்ட பாட்ட எடுத்துப் போடுங்க. இல்லாட்டி அந்தக் கூவ எண்டாலும் அழிச்சுத் தாங்க. பேரப் பிள்ளைகள் வந்திட்டுதுகள். ஊரில வாயால சொல்றதப் பொறுத்திட்டன். சீடில போட்டு வீட்டுக்கு வீடு குடுத்தா நான் எங்க அக்கா போவன்?"

மருமகன் இளகின மனசுக்காரர். "இது ஒரு பெரிய வேலையா?" என்று சொல்லி அப்போதே அழித்தார். அழித்தது மட்டுமா, அடுத்த பாட்டுக்கு விழுந்த கைதட்டலை வெட்டி அந்த இடத்தில் ஒட்டியும் விட்டார். பாட்டுப் பாதியில் நிற்கிறது, சனம் கைதட்டுகிறது. கேட்டால், இவர் பாட்டை நிறுத்தின சந்தோஷத்தில் தட்டுகிற மாதிரி இருந்தது. அதை நான் சொல்லவும் செய்தேன். விதானை, "பரவாயில்ல அக்கா, தட்டுறாங்கள்தானே" என்றார். வெளியே வண்ணக்கர் மோட்டார் சைக்கிளில் இருந்து பீப் பீப் என்று அடிக்கிறார். அன்றைக்கே கொப்பி அடிக்கக் கொடுத்தால்தான் மறுநாள் திருவிழாவுக்கு வரும்.

கொடுத்திருப்போம். ஆனால் எனக்கு ஒரு ஆசை. முதல் கூ யார் போட்டது என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். கிரான் ஊரில் கல்யாணம் கட்டின என் பெரியம்மா மகனாக இருக்கலாம். அவனுக்குத்தான் அப்படி எருமைத் தொண்டை. அவன் பெண்சாதியோடு எனக்கு அப்போது கொஞ்சம் சரியில்லை. சொல்லிக் காட்ட ஒரு பிடி வேண்டும். பெரிய யோசனை ஒன்றும் இல்லை பிள்ளை, பெண்டுகள் சண்டைதான்.

"மருமகன், அழிக்காததப் போடுங்க. அந்தக் கூவ மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்றேன்.

விதானை சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என்னக்கா இது! அழிக்கத் தயிர் கொண்டு வந்திரிக்கன், கூட்டச் சொல்றீங்களே!"

"ஒரே ஒருதரம் தம்பி. ஆரெண்டு பாக்கத்தான்."

மருமகன் பாட்டைத் தாழ்த்திக் கூட்டத்தை உயர்த்தினார். கூ வந்தது. பெரியம்மா மகனின் தொண்டை இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் கூவுக்குள்ளே ஆட்கள் கத்துகிறார்கள். இன்னும் கூட்டினார். ஒரு பெண்பிள்ளை தெளிவாகக் கத்துகிறாள்: "கேக்கல்ல! பாட்டுக் கேக்கல்ல! சத்தத்தக் கூட்டுங்க!" இன்னொருவன்: "ஹோர்ன் எங்க பாக்குது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "பின்னுக்கு இழுங்க" என்றேன். கூ தொடங்குவதற்குச் சற்று முன்னே, பாட்டுக்கு அடியில், மைக்குக்குப் பக்கத்தில் பழைய வண்ணக்கரின் குரல், மேலே மரத்தைப் பார்த்துச் சொல்கிற குரல்: "ரெண்டு ஹோர்னையும் வாவிப் பக்கம் திருப்பு! அக்கரையான் கேக்கட்டும்! போன கிழமை நம்மளப் படுக்க விட்டானா?"

மேலேயிருந்து என் மனிசன்: "ரெண்டையுமா?"

"ரெண்டையும்!"

"அப்ப இஞ்ச இரிக்கிற சனத்துக்கு?"

"இதுகளுக்குக் கண் இரிக்கே, பாக்கட்டும்!"

உனக்குத் தெரியும்தானே, தண்ணீருக்கு மேலால் சத்தம் எப்படிப் போகும் என்று. அக்கரைக் கோயில் திருவிழா என்றால் அவர்களுடைய ஹோர்ன் நம்மைப் பார்க்கும். நம்முடையது என்றால் அவர்களைப் பார்க்கும். அந்தப் போட்டியில் அன்றைக்குப் பழைய வண்ணக்கர் ஒரு ஹோர்னைக்கூட ஊருக்கு மிச்சம் வைக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் வெளியூரார், வண்டில் கட்டி வந்தவர்கள். பாட்டுக் கேட்கவில்லை என்று கூவினார்கள். முன்னால் இருந்த நம்மவர்களுக்கு மேடைச் சத்தம் நேரே கேட்டது. பொடியனுக்குத்தான் கூக்காட்டுகிறார்கள் என்று நினைத்து, சும்மா கிடக்கிற வாய்தானே, இவர்களும் சேர்ந்து கூவிவிட்டார்கள். வெளியூரார் விடிய முதல் வண்டில் பூட்டிப் போய்விட்டார்கள். நான் மடத்து அறைக்குள் மெசினோடு இருந்தேன், எனக்கு வயர் வழியாகப் பாட்டு நன்றாகவே கேட்டது, ஹோர்ன் திரும்பினது தெரியாது. என் மனிசனுக்குத் தெரியும். ஆனால் அவர் மரத்தால் இறங்க முதல் பழி பொடியன் தலையில் ஏறிவிட்டது. இன்னொருவன் தலையில் இருக்கிற பழியை எடுத்துத் தன் தலையில் வைக்க எந்த ஆண்பிள்ளை வருவான்? மருமகனின் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த என் மனிசனின் படத்தை வாவிப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தேன். அக்கரையையே பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று.

கடையில் விதானை மெசினுக்குக் கிட்டக் காதை வைத்து இன்னொருதரம் கேட்டார். பிறகு, "அப்ப அது எனக்கில்லையா அக்கா?" என்றார்.

"உனக்குத்தான் தம்பி. உன்ட பாட்டு வேணுமெண்டுதான் கூவியிருக்காங்கள்."

மனிதர் இலையை அவிழ்த்து, எனக்குக் கொண்டுவந்த தயிரைத் தன் கையாலேயே அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாயால் தயிர் போகிறது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். நான் கேட்கவில்லை. லஞ்சம் கொடுக்க வந்தவர் தானே அதைத் தின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெட்டுவதற்கு முன் ஒருதரம் கூட்டிக் கேள் பிள்ளை. குப்பையைக் கொட்ட முதல் கிண்டிப் பார்க்கிறதில்லையா, அப்படி. சரி, கதை முடியவில்லை.

பீப் அடித்துக் களைத்த வண்ணக்கர் உள்ளே வந்தார். மருமகன் திரும்பவும் போட்டார். "அட, மாமாட குரல்!" என்று முகம் மலர்ந்தது வண்ணக்கருக்கு. முடியும்போது முகம் சுருங்கிவிட்டது. "பெரியம்மா, இத வெட்டிப் போடுங்க. ஊர்ச் சனத்தையே மதிக்காத மனிசன் எண்டு மாமாட பேரு கெட்டுப் போகும். கோயில் சீடி இது."

விதானை தயிர்க் கையோடு எழும்பினார். "வெட்டினீங்க எண்டா, உங்கட வட்டைக்குத் தண்ணி எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியா."

ஒரு பக்கம் செத்தவரின் பேர், மற்றப் பக்கம் இருக்கிறவரின் பேர். மருமகன் விரலை அழிக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு, "மாமி, சொல்லுங்க" என்கிறார். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அப்போது எது ஞாயம் என்று கதைக்கத் தொடங்காதீர்கள். ஞாயம் இரண்டு பேரிடமும் இருக்கும். வந்தவருக்கு எதில் பெருமை என்று பாருங்கள்.

"தம்பி வண்ணக்கர், இந்த முறை அக்கரையான்ட திருவிழாவுல ஹோர்ன் எங்க பாத்திச்சு?"

"நம்மட பக்கந்தான். பச்சப் பிள்ளைகள்கூடப் படுக்கல்ல, பெரியம்மா."

"அப்ப உங்கட மாமா செஞ்சது பிழையா?"

கொஞ்சம் யோசித்தார். "அக்கரைக்குச் செஞ்சது பிழையில்லத்தான்."

"தன்ட சனத்துக்கே குடுக்காம முழுப் பாட்டையும் அக்கரைக்கு அனுப்பின வண்ணக்கர் இந்த வாவியில வேற ஆரு இரிக்கான்? இதக் கேட்டா அக்கரையானுக்கு வயிறெரியுமா, எரியாதா?"

வண்ணக்கர் மீசையைத் தடவினார். எரியும் என்று அவருக்கும் பட்டது. "அப்பிடி எண்டா அந்தத் துண்டு கிடக்கட்டும். ஆனா அக்கரைக்கும் கொஞ்சம் கொப்பி குடுக்கணும். முதல் கொப்பி அவங்கட வண்ணக்கருக்கு."

விதானை விட்டாரா? "தம்பி, அந்தக் கூவ இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

"கூட்டினா உங்கட பாட்டு மூடுபட்டுப் போகும் அண்ணன்."

"பாட்டுக் கிடக்கட்டும் தம்பி. பாட்டு எனக்குத் தெரியும். கூவக் கூட்டுங்க."

அப்படித்தான் சீடி வந்தது. மற்றப் பாட்டெல்லாம் மெல்லக் கேட்கும். அந்த இடம் வந்ததும் வீட்டில் நாய் எழும்பிக் குரைக்கும். தேநீர்க் கடையில், பஸ்சில், கல்யாண வீட்டில் எல்லாம் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அக்கரையிலிருந்து ஒரு கிழவர் தோணி பிடித்து வந்து, "அண்டைக்குப் பாதியில நிண்டது ஆர்ட பாட்டு எண்டு இவ்வளவு காலமும் தெரியாமத் திரிஞ்சன்" என்று விதானையின் கையைப் பிடித்தார்.

வண்ணக்கர் அந்தத் திருவிழாவின் கடைசி நாளிலேயே விதானையை மேடை ஏற்றினார். மருமகன் செட் கட்டினார். ஒரு ஹோர்ன் வாவிக்கு, மற்றதெல்லாம் சனத்துக்கு. நானே நின்று பார்த்துக் கட்டுவித்தேன். முதல் பாட்டுப் பாடினார். முழுதாக. சனம் எழும்பி நின்று தட்டியது, எனக்கும் கண் கலங்கிற்று. இரண்டாவது பாடினார், அதுவும் பரவாயில்லை. மூன்றாவது. நாலாவது. நாதஸ்வரக்காரர் உறையைக் கழற்றிக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அன்னதானச் சோறு ஆறுகிறது. பிள்ளைகள் தாய்மாரின் மடியில் சாய்ந்துவிட்டார்கள். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும் பிள்ளை, குரல் அன்றைக்குப் போல இல்லை.

பின்னாலிருந்து ஒரு கூ. பிறகு பத்து. பிறகு மைதானம் முழுதும்.

திரும்பி ஹோர்னைப் பார்த்தேன். சனத்துக்குக் கட்டினதெல்லாம் சனத்தைப் பார்த்தபடியே இருக்கின்றன. பாட்டு நன்றாகவே கேட்கிறது. விதானை கண்ணைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அம்பிளிபயர் பக்கம் குனிந்து, "தம்பி, பின்னுக்குக் கேக்கல்லயாம்! சத்தத்தக் கூட்டுங்க!" என்றார்.

மருமகன் என்னைப் பார்த்தார்.

"கூட்டுங்க மருமகன்" என்றேன்.

அந்தா, மீன் சைக்கிள் வந்துவிட்டது. தள்ளு பிள்ளை, எழும்ப விடு. பிந்தினால் அவன் கெட்டுப்போன செத்தல் மீனைத்தான் தலையில் கட்டுவான். "தம்பி! நில்லு தம்பி, சட்டி எடுத்திட்டு வாறன்!"